கடலோர ஹோட்டலில் 'நான்' ஒழிப்பு மாநாடு

புரட்சி செய்வதென்று முடிவெடுத்துவிட்டால் முதல் வேலை ரூம் போடுவது. 1963 அக்டோபர் 3-ஆம் தேதி சிசிலித் தீவில், பலெர்மோவை அடுத்த சொலாந்தோ என்ற கடலோரத்தில், சகரெல்லா ஹோட்டலில் இத்தாலியின் இலக்கியக் கலகக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மொத்தம் 34 எழுத்தாளர்கள் என்று பின்னால் வந்த தொகுப்பின் அட்டை கணக்குச் சொல்கிறது. பழைய இலக்கியத்தைக் குழிதோண்டிப் புதைப்பது நிகழ்ச்சி நிரல். அதே வாரம் பலெர்மோவில் நவீன இசை விழாவும் நடந்ததால் இரண்டையும் சேர்த்தே ஏற்பாடு செய்திருந்தார்கள். பகலில் கவிதையைக் கொன்றுவிட்டு, மாலையில் சங்கீதம் எப்படிச் சாகிறது என்று போய்ப் பார்க்கலாம்.

இயக்கத்தின் பெயர் குரூப்போ 63. ஜெர்மனியில் 1947-லேயே ஹான்ஸ் வெர்னர் ரிக்டர் என்பவர் குருப்பே 47 என்று ஒரு கூட்டத்தைத் தொடங்கியிருந்தார். எழுதியதைச் சபையில் படிக்க வேண்டும், படித்து முடித்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், மற்றவர்கள் கிழிப்பார்கள். படிப்பவர் உட்காரும் நாற்காலிக்கு அங்கே மின்சார நாற்காலி என்றே பெயர். இந்த ஏற்பாட்டில் சொக்கிப்போன இத்தாலியர்கள் அதை அப்படியே வாங்கி ஆண்டை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். புதுமை, புதுமை என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொன்ன இயக்கம் பேரைக்கூடக் கடன் வாங்கித்தான் வைத்தது.

அவர்களுடைய கொள்கை என்ன? நிறைய இருந்தது. கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளினார்கள். ஆனால் கவிதைக்காரர்களின் முக்கியமான கட்டளை ஒன்றுதான்: கவிதையிலிருந்து 'நானை'க் குறைக்க வேண்டும். என் துயரம், என் காதல், என் ஜன்னலுக்கு வெளியே மழை என்று கவிஞன் தன்னையே மையத்தில் வைத்துப் புலம்பியது போதும். உலகம் பேசட்டும், மொழி பேசட்டும், கவிஞன் கொஞ்சம் ஓரமாக நிற்கட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த யோசனையை நிறைவேற்ற வந்தவர்கள் யார் யார் என்று பார்க்கும்போதுதான் சிரிப்பு வருகிறது. தன்னை ஓரமாக நிறுத்திக்கொள்ள இவ்வளவு கூச்சல் போட்ட மனிதர்கள் இத்தாலிய இலக்கியத்தில் அதற்கு முன்னும் அதிகம் இல்லை, பின்னும் இல்லை.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குவோம். முசோலினி காலத்து இத்தாலியக் கவிதையில் எர்மெத்திஸ்மோ என்றொரு போக்கு கொடிகட்டிப் பறந்தது. சுருக்கமான வரிகள், இடையில் பெரிய மௌனம், அர்த்தம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும். சர்வாதிகாரத்தில் கவிஞர்களுக்கு வேறு வழியில்லை, பூடகமாகத்தான் எழுத முடிந்தது என்று பிற்காலத்தில் இதற்கு ஒரு நியாயம் சொன்னார்கள். மொந்தாலே என்ற கவிஞர் விஷயத்தில் அது ஓரளவு சரி. இன்னொரு பெரிய கவிஞர் உங்காரெத்திக்குப் பொருந்தாது. அவருடைய 1923-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரே சாட்சாத் முசோலினி. யாரிடமிருந்து ஒளிந்துகொண்டு எழுதினார் என்பது அவருக்கே வெளிச்சம்.

நாடு கவிஞர்களுக்காகக் காத்திருக்கவில்லை. 1954-ல் தொலைக்காட்சி வந்தது. 1957-ல் குட்டி ஃபியட் 500 வந்தது. தெற்கிலிருந்து லட்சக்கணக்கானோர் அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மிலானுக்கும் தூரினுக்கும் ரயில் ஏறினார்கள். ஃபிரிட்ஜ் விளம்பரமும் சோப்பு விளம்பரமும் மக்கள் பேசும் இத்தாலிய மொழியையே மாற்றிக்கொண்டிருந்தன. 1959-ல் அதே எர்மெத்திஸ்மோ கவிஞர் குவாசிமோதோவுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். கவிதை இன்னும் அதே நிலா, அதே நதி, அதே நான்.

இந்தக் கடுப்பில் இருந்த பையன்களுக்குத் திண்ணை போட்டுக் கொடுத்தவர் லூச்சானோ அன்செஸ்கி. அழகியல் பேராசிரியர். 1956-ல் மிலானில் 'இல் வெர்ரி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சண்டை போடும் வயதைத் தாண்டியவர். ஆனால் சண்டை போடுகிறவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பக்கம் ஒதுக்கும் பெருந்தன்மை உள்ளவர். எல்லா இலக்கியக் கலகத்துக்கும் பின்னால் இப்படி ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு யாரும் சிலை வைப்பதில்லை.

அதே 1956-ல் எதோவார்தோ சங்குயினெட்டி என்ற 25 வயது இளைஞர் 'லபோரிந்துஸ்' என்ற கவிதை நூலை வெளியிட்டார். தலைப்பே ஓர் இடைக்கால லத்தீன் நூலின் பெயர். உள்ளே இத்தாலியன், லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம், ரசவாதம், யுங்கின் உளவியல், எல்லாம் நிறுத்தக்குறி பார்க்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. படித்த ஆந்திரேயா சான்சொத்தோ (அவரும் பெரிய கவிஞர், சின்ன ஆள் இல்லை), இதை ஒரு நரம்புத் தளர்ச்சியின் நேர்மையான நகலாக எடுத்துக்கொண்டால் மன்னிக்கலாம் என்கிற மாதிரி ஒரு போடு போட்டார். வேறொருவராக இருந்தால் படுத்திருப்பார். சங்குயினெட்டி நிதானமாகப் பதில் சொன்னார்: தளர்ச்சி உண்மைதான், ஆனால் அது என்னுடையது இல்லை, சரித்திரத்தினுடையது. அந்த மனிதரின் சாமர்த்தியம் முழுவதும் இந்தப் பதிலில் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி நோயாளியின் பெயரை அடித்துவிட்டு 'ஐரோப்பா' என்று எழுதிக்கொண்டார். 'நானை'க் குறைப்பது நடைமுறையில் எப்படி என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அடுத்த வருடமே கவிஞர் பசோலினியுடன் மோதல். பசோலினி அப்போது சினிமா எடுக்கத் தொடங்கவில்லை. பொலோஞ்ஞாவில் நண்பர்களோடு 'ஒஃபிச்சீனா' என்ற பத்திரிகை நடத்திவந்தார். அதில் நவ சோதனைக் கவிதை என்று ஒரு சிறு தொகுப்பைப் போட்டு அதற்குள் சங்குயினெட்டியையும் சேர்த்துவிட்டார். பாராட்டாகத்தான். ஆனால் இன்னொருவன் ஒட்டும் லேபிளை நெற்றியில் தாங்கிக்கொள்ளும் ஜாதியா இவர்? பசோலினி முன்பு 'கவிதையில் ஒரு விவாதம்' என்றொரு கவிதை எழுதியிருந்தார். சங்குயினெட்டி 'உரைநடையில் ஒரு விவாதம்' என்று தலைப்பிட்டுத் தாந்தே கையாண்ட மூவடி யாப்பில், எதுகை பிசகாமல், பசோலினியின் பாணியிலேயே பசோலினியை வறுத்தெடுத்தார். யாப்பை ஒழிக்க வந்தவருக்கு யாப்பு அத்துபடி. அதைத் தன் பத்திரிகையிலேயே அச்சிட்ட பசோலினியையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்வார்களா?

1961-ல் தொகுப்பு வந்தது: 'இ நொவிஸ்ஸிமி', ஆகப் புதியவர்கள். புதியவர்கள் என்றால் போதாதாம். தொகுத்தவர் அல்ஃப்ரெதோ ஜூலியானி. உள்ளே ஐந்து கவிஞர்கள்: சங்குயினெட்டி, எலியோ பல்யரானி, நன்னி பாலெஸ்த்ரீனி, அந்தோனியோ போர்த்தா, அப்புறம் ஜூலியானி தானே. தொகுப்பாசிரியர் தன்னையும் சேர்த்துக்கொள்வது எல்லா மொழிகளிலும் உள்ள பழக்கம், அதை விட்டுவிடலாம். வெளியிட்டது ரூஸ்கோனி - பவுலாத்ஸி என்ற நிறுவனம். அந்தோனியோ போர்த்தாவின் நிஜப் பெயர் லேயோ பவுலாத்ஸி. ஆம், அதே பவுலாத்ஸி குடும்பம்தான். குடும்பப் பெயர் புத்தகத்தின் முகப்பில் பதிப்பாளர் இடத்தில் வந்துவிட்டதால் கவிஞர் இடத்துக்கு வேறொரு பெயர் வைத்துக்கொண்டது நாகரிகம்தான்.

'நானை'க் குறைப்பது பற்றிய பிரகடனம் இந்தத் தொகுப்பின் முன்னுரையில்தான் இருக்கிறது. ஜூலியானி அதோடு நிற்கவில்லை. கவிதைகளுக்கு அடியில் குறிப்புகளும் போட்டார். வாசகன் தன் போக்கில் அர்த்தம் கண்டுகொள்ளட்டும் என்பது கோட்பாடு. கண்டுகொள்ளாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது குறிப்பு. பள்ளிக்கூட உரைநூல் வாடை அடிக்கிறது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் அந்தக் குறிப்புகள் இல்லாமல் லபோரிந்துஸைத் தாண்டியவர்கள் இருந்தால் கையைத் தூக்கலாம்.

ஐவரில் பல்யரானி மட்டும் வேறு மாதிரி. ரிமினி பக்கத்து விசெர்பாவில் பிறந்து மிலானுக்குப் பிழைக்க வந்தவர். 'அவந்தி' நாளிதழில் வேலை பார்த்தவர். இவருடைய நீள்கவிதை 'லா ரகாத்ஸா கார்லா', 1960-ல் விட்டொரீனியும் கல்வீனோவும் நடத்திய 'இல் மெனபோ'வில் முழுசாக வந்தது. கார்லா என்கிற 17 வயதுப் பெண். மிலானில் குடியிருப்பு. தட்டச்சு கற்றுக்கொண்டு ஓர் ஏற்றுமதி இறக்குமதி கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறாள். முதலாளி கை வைக்கப் பார்க்கிறார். அவள் வீட்டுக்கு ஓடிவருகிறாள். அம்மா அவளைத் தேற்றுவதில்லை. திரும்பப் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாள். வேலை போய்விடுமே. இந்தக் கதைக்கு நடுவில் தட்டச்சுப் பாடப் புத்தகத்தின் அறிவுரைகளும் அலுவலகப் பேச்சும் டிராம் சத்தமும் கலந்து வருகின்றன. கடைசியில் கார்லா காலுறை வாங்குகிறாள், உதட்டுச் சாயம் பூசிக்கொள்கிறாள், நகரம் அவளை உள்ளே எடுத்துக்கொள்கிறது. கோட்பாட்டை மறந்துவிட்டுப் படித்தாலும் இந்தக் கவிதை நிற்கிறது. ஐவரில் 'நானை' உண்மையாகவே விட்டுக்கொடுத்தவர் இவர் ஒருவர்தான் என்பது என் கட்சி. ஒரு டைப்பிஸ்டுக்கு இடம் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார். அதற்காக அவர் முன்னுரை எதுவும் எழுதவில்லை.

நன்னி பாலெஸ்த்ரீனி வேறு வழியைப் பிடித்தார். கவிஞனைக் குறைப்பானேன், கழற்றியே எறிந்துவிடலாமே என்று 1961-ல் ஒரு வங்கிக்குப் போனார். பணம் எடுக்க இல்லை, கவிதை எடுக்க. லொம்பார்தி மாகாணங்களின் சேமிப்பு வங்கியிடம் மிலானில் ஐபிஎம் 7070 என்ற கணிப்பொறி இருந்தது. வட்டிக்கணக்குப் போடும் ஜந்து. வங்கி சம்மதித்தது. ஒரு 26 வயதுக் கவிஞர் வந்து, உங்கள் இயந்திரத்தைக் கொடுங்கள், ஹிரோஷிமாவையும் லாவோ ட்சுவையும் கலக்க வேண்டும் என்று கேட்கிறார். அதிகாரிகள் சரி என்கிறார்கள். இத்தாலியின் பொருளாதார அதிசயம் என்று பேசுகிறார்களே, எனக்குத் தெரிந்து அதில் இதுதான் அதிசயம்.

செய்த விதத்தைக் கிட்டேயிருந்து பார்க்கலாம். மூன்று நூல்களிலிருந்து மூன்று துண்டுகள் எடுத்தார். ஒன்று, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாளில் அங்கே இருந்த மிச்சிஹிகோ ஹச்சியா என்ற மருத்துவரின் நாட்குறிப்பு. இரண்டாவது, லிஃப்டில் நடக்கும் மர்மம் பற்றிய ஒரு துப்பறியும் கதை. மூன்றாவது, லாவோ ட்சுவின் தாவோ தே ஜிங். துண்டுகளைச் சின்னச் சின்னச் சொற்றொடர்களாக நறுக்கினார், மொத்தம் 15. ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் ஒரு குறியீடு, எதற்குப் பின்னால் எது வரலாம் என்று இலக்கணப் பொருத்தம் பார்க்க. பிறகு இயந்திரத்துக்கு விதிகள்: பதினைந்தில் பத்தை எடு, தலையும் வாலும் பொருந்துகிற மாதிரி கோத்துக்கொண்டே போ, ஒரே நூலிலிருந்து வந்த இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே, வருவதை ஆறு வரியாக, வரிக்கு நான்கு அலகாகப் பிரி. இயந்திரம் முகம் சுளிக்காமல் செய்துகொடுத்தது. வந்ததில் இருந்து பொறுக்கியெடுத்து, இலக்கணத்தையும் நிறுத்தக்குறியையும் லேசாகத் தட்டிக்கொட்டி, 'டேப் மார்க் 1' என்று பெயரிட்டார் பாலெஸ்த்ரீனி. பொம்பியானி பதிப்பகத்தின் 1962-ஆம் ஆண்டு இலக்கிய மலரில் வெளிவந்தது.

அறுபது வருடம் கழித்து, இயந்திரம் கவிதை எழுதுமா என்று எல்லோரும் தொண்டைத்தண்ணீர் வற்ற விவாதிக்கும்போது இந்த வங்கிச் சமாசாரம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. கவிதை மோசமில்லை. எரியும் நகரமும் மூச்சுத் திணறும் லிஃப்டும் சீன ஞானியின் அமைதியும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் மயிர்க்கூச்செறிகிறது. அந்த மூன்று நூல்களைத் தேர்ந்தெடுத்தது யார்? இயந்திரமா? விரட்டியடித்த 'நான்' கொல்லைப்பக்கமாக வந்து ஹிரோஷிமாவைக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இப்போது ஹோட்டலுக்கு வருவோம். 34 பேர் என்றேன். ஐவர் அணியோடு விமர்சகர்கள் ஆஞ்செலோ குல்யெல்மி, ரெனாத்தோ பரில்லி, 'திறந்த படைப்பு' என்ற நூலை முந்தைய ஆண்டே வெளியிட்டுப் பேர் வாங்கியிருந்த உம்பெர்த்தோ எக்கோ, ஆங்கிலம் கற்பிக்கும் வாத்தியாரும் பிற்பாடு இத்தாலிய உரைநடையின் விசித்திரப் பிறவி என்று பேரெடுத்தவருமான ஜார்ஜோ மங்கனெல்லி, இன்னும் பலர். இவர்களில் பசியால் வாடிய கலைஞன் ஒருவனைத் தேடினால் கிடைக்கமாட்டான். பதிப்பகத்தில் வேலை, தொலைக்காட்சியில் வேலை, பல்கலைக்கழகத்தில் வேலை, நாளிதழில் பத்தி. இதை எக்கோவே பின்னாளில் சிரித்துக்கொண்டு எழுதினார்: முந்தைய தலைமுறைக் கலகக்காரர்கள் கோட்டைக்கு வெளியே நின்று கல் எறிந்தார்கள், நாங்கள் உள்ளே மேஜை நாற்காலியோடு இருந்தோம் என்கிற பொருளில். தூங்கும் வசதியுள்ள ரயில் பெட்டியில் வந்த புரட்சி என்று பத்திரிகைகள் கேலி செய்தன. கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்து, மூன்றாம் முறை பாயசம் வாங்கிக்கொண்டே சமையல்காரனைத் திட்டுகிற சம்பந்தியைப் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அதே தோரணை.

திட்டு யாருக்கு விழுந்தது? கார்லோ கஸ்ஸோலாவுக்கும் ஜார்ஜோ பஸ்ஸானிக்கும். இருவரும் அப்போது நாவலில் உச்சத்தில் இருந்தார்கள். கஸ்ஸோலாவின் 'பூபேயின் பெண்' 1960-ல் ஸ்த்ரேகா பரிசு வாங்கியிருந்தது. பஸ்ஸானியின் 'ஃபின்ஸி-கொந்தீனி தோட்டம்' 1962-ல் வந்து வீட்டுக்கு வீடு கிடந்தது. இவர்களை '63-ஆம் ஆண்டின் லியாலாக்கள்' என்று சபை பட்டம் கட்டியது. லியாலா யாரென்றால், விமானப்படை அதிகாரிகளும் பெருமூச்சுகளும் நிறைந்த காதல் கதைகளை எழுதி லட்சக்கணக்கில் விற்ற பெண் எழுத்தாளர். பட்டம் சங்குயினெட்டியின் பேரில்தான் வழங்குகிறது. யார் சொன்னாலும் நல்ல அடி. நியாயமான அடியா? இல்லை. பஸ்ஸானியின் நாவல் ஃபெர்ராரா நகரத்து யூதக் குடும்பம் ஒன்று அழிந்ததைப் பற்றியது. அதைப் பெருமூச்சுக் கதை என்று சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும். லியாலாவுக்கும் இதில் அநியாயம்தான். அவர் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

இதற்குள் ஒரு உள்குத்தும் இருக்கிறது. பஸ்ஸானி வெறும் நாவலாசிரியர் மட்டும் இல்லை, ஃபெல்த்ரினெல்லி பதிப்பகத்தின் ஆசிரியர். விட்டொரீனி வேண்டாம் என்று திருப்பியனுப்பிய 'சிறுத்தை' நாவலை 1958-ல் கொண்டுவந்தவர் அவர்தான். எழுதிய லாம்பெதூசா, பலெர்மோவின் பிரபு, அச்சில் பார்க்காமலே முந்தைய ஆண்டு இறந்துபோனார். நாவல் விற்றுத் தள்ளியது. அதே ஃபெல்த்ரினெல்லியில்தான் பாலெஸ்த்ரீனிக்கும் வேலை. ஹோட்டலில் படித்ததையெல்லாம் தொகுத்து 1964-ல் புத்தகமாகப் போட்டதும் அதே ஃபெல்த்ரினெல்லி. பஸ்ஸானியோ 1963-லேயே மனக்கசப்போடு வெளியேறிவிட்டார். ஆக, ஒரு பதிப்பகத்தின் இரண்டு அறைகளுக்கு இடையில் நடந்த தகராறை இலக்கிய சரித்திரம் 'தலைமுறைகளின் மோதல்' என்று கௌரவமாகக் குறித்துவைத்திருக்கிறது. 'சிறுத்தை' போன்ற பழைய பாணி நாவலைப் புதைக்க அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் லாம்பெதூசாவின் ஊர். தேர்ந்தெடுத்த வருடம், விஸ்கோந்தி அதைப் படமாக்கிக் கான் விழாவின் தங்கப் பனையை வாங்கிய வருடம். பலெர்மோ அரண்மனையில் பர்ட் லங்காஸ்டர் ஆடிய நடனத்தை உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கடற்கரையில் நாவல் செத்துவிட்டது என்று தீர்மானம் போட்டார்கள்.

அந்த ஹோட்டலில் அமேலியா ரொஸ்ஸெல்லியும் இருந்தார். அவரைப் பற்றிக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அப்பா கார்லோ ரொஸ்ஸெல்லி, பாசிச எதிர்ப்பாளர், 1937-ல் பிரான்சில் கொலையுண்டவர். மகள் பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா என்று அலைந்து வளர்ந்தவர். சங்குயினெட்டி நூலகத்தில் உட்கார்ந்து சேர்த்த பலமொழிக் கலவை இவருக்கு வாயிலேயே இருந்தது. இத்தாலியனில் எழுதும்போது பிரெஞ்சும் ஆங்கிலமும் தாமாகவே உள்ளே வந்து வாக்கியத்தை வளைக்கும். இசை படித்தவர், கவிதையின் வரி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதைத் தட்டச்சு இயந்திரத்தின் அளவை வைத்துக் கணக்கிட்டவர். மொழியை உடைப்பது எப்படி என்று மற்றவர்கள் கட்டுரை படித்துக்கொண்டிருக்க, உடைந்த மொழியோடே வந்து உட்கார்ந்திருந்தார். ஆகப் புதியவர்கள் ஐவரில் ஒரு பெண்கூட இல்லை. ரொஸ்ஸெல்லியின் கவிதைகளை அதே 1963-ல் 'மெனபோ'வில் முன்னுரையோடு அறிமுகப்படுத்தியவர், கூட்டத்தின் பரம எதிரியான பசோலினி. அடுத்த ஆண்டு முதல் தொகுப்பு வந்தது. குரூப்போவோடு அவர் ஒட்டவே இல்லை. இன்றைக்கு இத்தாலிய இளைஞர்கள் அதிகம் தேடிப் படிப்பது அவரைத்தான் என்று நினைக்கிறேன்.

சகரெல்லா ஹோட்டலின் கதையையும் சொல்லிவிட வேண்டும். இலக்கியவாதிகள் அதற்குக் கொடுத்த புகழ் ரொம்ப நாள் தாங்கவில்லை. 1979-ல் அங்கே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் கூட்டம். பிரதமர் பதவியை வீட்டுச் சொத்தாகப் பாவித்த ஜூலியோ ஆந்திரேயொத்தி வந்திருந்தார். மாஃபியாவோடு உறவுள்ள நீனோ சால்வோ என்ற செல்வந்தரும் அங்கே இருந்தார். லெத்திட்ஸியா பத்தாலியா என்ற புகைப்படக்காரர் இருவரையும் ஒரே சட்டகத்தில் பிடித்துவிட்டார். அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று ஆந்திரேயொத்தி சாதித்தபோது, பத்தாலியாவின் பெட்டியிலிருந்து படங்கள் வெளியே வந்தன, ஆந்திரேயொத்திமீது நடந்த வழக்கில் சேர்ந்தன. இன்று அந்த ஹோட்டலின் பெயரைச் சொன்னால் சராசரி இத்தாலியருக்கு ஞாபகம் வருவது அந்தப் போட்டோதான்.

பலெர்மோவுக்குப் பிறகு 1964-ல் ரெஜ்ஜோ எமிலியா, 1965-ல் மறுபடி பலெர்மோ, 1966-ல் லா ஸ்பெத்ஸியா, 1967-ல் ஃபானோ என்று கூடினார்கள், படித்தார்கள், கிழித்தார்கள். வருடத்துக்கு ஒரு திருவிழா. அந்தக் காலத்துப் பேச்சில் ரசமானது, குழுவில் ஒருவரான ஆல்பெர்த்தோ அர்பசீனோ சொன்ன விஷயம். பாசிச காலத்தில் வெளிநாட்டு இலக்கியம் எங்களுக்குக் கிடைக்கவில்லை, அதனால்தான் பின்தங்கிவிட்டோம் என்று மூத்த தலைமுறை மூக்கால் அழுதுகொண்டிருந்தது. அர்பசீனோ 1963 ஜனவரியில் நாளிதழில் எழுதினார்: சுவிஸ் எல்லையில் கியாஸ்ஸோ என்று ஊர் இருக்கிறதே, அங்கே போய்ப் புத்தகம் வாங்கி வந்திருக்கலாமே? பெரியவர்களுக்கு இது கடைசிவரை ஆறாத புண். பாஸ்போர்ட், போலீஸ், பணம் என்று ஆயிரம் சாக்குச் சொல்லலாம், எல்லாம் நிஜமான சாக்குகள்தான். ஆனாலும் மிலானிலிருந்து கியாஸ்ஸோ கூப்பிடு தூரம்.

1967 ஜூனில் 'குவிந்திச்சி' என்ற மாதப் பத்திரிகை தொடங்கினார்கள். பதினைந்து என்று பெயர். நாளிதழ் அளவு, பெரிய பெரிய பக்கங்கள். ஆசிரியர் ஜூலியானி. நன்றாகவே போனது. பிறகு 1968 வந்தது. ஐந்து வருடமாக இவர்கள் மேடை போட்டு அழைத்துக்கொண்டிருந்த புரட்சி, உண்மையாகவே தெருவுக்கு வந்து பல்கலைக்கழகக் கதவை உடைத்தது. விருந்தாளியை வா வா என்று கூப்பிட்டவர்கள், வந்ததும் எங்கே உட்காரவைப்பது என்று முழித்தார்கள். மாணவர் இயக்கத்தின் அறிக்கைகள் பக்கம் பக்கமாக உள்ளே வரத் தொடங்கின. இது இலக்கியப் பத்திரிகையா, துண்டுப் பிரசுரமா என்று கேட்டார் ஒருவர். வாக்கியத்தை உடைத்தால் முதலாளித்துவம் உடையும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்டார் இன்னொருவர். ஜூலியானி விலகினார்; பாலெஸ்த்ரீனி பொறுப்பேற்றார்; 1969-ல் கடை மூடியது. பதினைந்து என்று பெயர் வைத்த பத்திரிகை 19 இதழ் வந்தது. எக்கோ 'குரூப்போ 63-இன் மரணம்' என்று கட்டுரையே எழுதினார். அவருக்கு எதையும் கட்டுரையாக எழுதினால்தான் திருப்தி.

ஆட்கள் என்னவானார்கள்? எக்கோ 1980-ல் 'ரோஜாவின் பெயர்' எழுதினார். தொடக்கம், நடு, முடிவு, கொலை, துப்பறிவாளர் எல்லாம் உள்ள நாவல். லியாலாவே பொறாமைப்படும் அளவுக்கு உலகமெங்கும் விற்றது. குல்யெல்மி 1987-ல் அரசுத் தொலைக்காட்சியின் மூன்றாம் சேனலுக்குத் தலைவரானார். அவர் காலத்தில்தான் 'ப்ளாப்' என்ற நிகழ்ச்சி வந்தது. அன்றன்றைய ஒளிபரப்பிலிருந்து துண்டுகளை வெட்டி, சம்பந்தமில்லாத இன்னொன்றோடு ஒட்டி, எந்த விளக்கமும் இல்லாமல் போடுவார்கள். வங்கிக் கணிப்பொறியில் செய்ததை வரவேற்பறைக்கே கொண்டுவந்துவிட்டார். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். குழுவின் இன்னொருவர் ஃபுரியோ கொலம்போ அமெரிக்காவில் ஃபியட் கம்பெனியின் தலைவரானார். பிறகு, கம்யூனிஸ்ட் கட்சி நாளிதழாகப் பிறந்த 'லுனித்தா'வின் ஆசிரியரானார். இந்த வரிசை மாறவில்லை, அப்படித்தான்.

பாலெஸ்த்ரீனி ஃபியட்டை வேறு வாசல் வழியாக அணுகினார். தூரினில் ஃபியட் மிராஃபியோரி ஆலையின் 1969 போராட்டத்தைத் தெற்கத்தித் தொழிலாளி ஒருவனின் குரலில் 'எங்களுக்கு எல்லாம் வேண்டும்' என்று நாவலாக்கினார். 1979 ஏப்ரல் 7-ஆம் தேதி தீவிர இடதுசாரிகள்மீது பெரிய கைது வேட்டை நடந்தபோது பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு ஆல்ப்ஸைத் தாண்டிப் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். பிற்பாடு குற்றச்சாட்டிலிருந்து விடுதலையானார். 34 பேரில் தலைமறைவுக்காகவாவது ஒருவர் தூங்கும் பெட்டியை விட்டு இறங்கினாரே.

சங்குயினெட்டி பேராசிரியராக இருந்தார், தாந்தே பற்றி எழுதினார், லூச்சானோ பேரியோவின் இசைக்கு வரிகள் கொடுத்தார், 1979 முதல் 1983 வரை கம்யூனிஸ்ட் கட்சிப் பட்டியலில் சுயேச்சையாக நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். 2007-ல், 76 வயதில், பிறந்த ஊரான ஜெனோவாவின் மேயர் வேட்பாளராகும் போட்டியில் களமிறங்கி, வர்க்கப் பகையை மீட்டெடுக்க வேண்டும் என்று பேசினார். இடதுசாரிகளே பதறினார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டணிக்குள் நடந்த தேர்தலில் தோற்றார்.

அதே 2007-ல் பாலெஸ்த்ரீனியின் பழைய கணக்கு ஒன்று தீர்ந்தது. 1966-ல் 'திரிஸ்தானோ' என்ற நாவல் எழுதியிருந்தார். ஒவ்வொரு பிரதியிலும் பத்திகள் வேறு வரிசையில் வர வேண்டும், எந்த இரண்டு பிரதியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது திட்டம். அப்போதைய அச்சகம் ஒரே வரிசையில்தான் அடித்துக் கொடுத்தது. 41 வருடம் கழித்து டிஜிட்டல் அச்சு வந்ததும் ஆசைப்பட்டபடியே வெளியிட்டார்கள். மொத்தம் 109,027,350,432,000 விதமாக வரலாமாம். பிரதிக்குப் பிரதி எண் போட்டு விற்றார்கள். வாங்கிய இருவர் சந்தித்தால், ஐம்பதாம் பக்கத்தில் அந்த இடம் குப்பை என்று ஒருவர் சொல்ல, என் ஐம்பதாம் பக்கத்தில் அது இல்லையே என்று மற்றவர் சொல்ல, அதற்குமேல் சண்டை நகர வழியில்லை. சண்டையிலேயே பிறந்து சண்டையிலேயே வளர்ந்த கூட்டத்துக்கு இப்படியொரு புத்தகம்.